மீதிப் பத்து கிலோமீட்டர்

1

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் தாளில் இந்த வாரத்துக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கின்றன. செவ்வாய் ஆறு கிலோமீட்டர், வியாழன் நான்கு, மற்ற நாட்கள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் என் மகள் ஜெனி சிவப்புப் பேனாவால் 42.195 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள்.

மராத்தான் ஓடுகிறவர்கள் கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஓடாமல் இருப்பதுதான் இப்போது பயிற்சி. ஐந்து மாதம் ஓடிய கால்களுக்கு அது புரியவில்லை. வேலையிடத்தில் மேசை முன்னால் நிற்கும்போது குதிகால் தானாகத் தரையை விட்டு எழுகிறது. பக்கத்தில் நிற்கும் போலந்துக்காரப் பெண் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் காஞ்சிபுரத்துக்காரன். பத்தாவது முடித்ததும் ஒரு பட்டுக் கடையில் சேர்ந்து, குடோனிலிருந்து மூன்றாவது மாடிக்குப் புடவைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவதும், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பதுமாகப் பதினைந்து வருடம் இருந்தேன். மனைவி நிர்மலா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் அயர்லாந்துக்கு வந்தோம். பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே நான் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அங்கே பட்டு, இங்கே பருத்தி. மூலையோடு மூலை சேர்க்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

போன வருடம் இதே மராத்தானில் முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் பலகைக்கு அருகே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் ஜெனி வாழைப்பழம் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். பழத்தை உரித்து நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மருத்துவக் கூடாரத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, நின்ற இடம் எல்லாம் எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமனே கொடுத்துவிட்டேன். மறுநாள் இணையத்தில் முடிவுகள் வந்தன. என் பெயருக்கு எதிரே நேரத்துக்குப் பதிலாக மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன.

"முடிக்கலன்னு மீனிங், அப்பா" என்றாள் ஜெனி.

காரணம் எனக்குத் தெரியும். பயிற்சியில் முப்பத்திரண்டு ஓட வேண்டிய நாளில் மழை என்று சொல்லி இருபத்தாறோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்புக்கு அதற்கு மேல் பழக்கமில்லை. அதைப் படிவத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது.

இந்த வருடம் மறுபடி பெயர் கொடுத்தபோது நிர்மலா ஒரு நிபந்தனை போட்டாள். "பயிற்சியில முப்பத்திரண்டு ஓடிக் காட்டு. ஓடிட்டின்னா நானே வந்து கை தட்டுறேன். இல்லன்னா பேர வாபஸ் வாங்கிடு. ரோட்டோரம் உக்காந்துக்கினு இருந்த ஆளைத் தோள்ல சாச்சிக்கினு வர்றது ஒரு தடவை போதும்பா."

நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன்.

2

தாளில் முப்பத்திரண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். சரியாக அந்த வாரம் காஞ்சிபுரத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

எங்கள் ஓட்டக் குழுவின் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன். உங்கள் ஊரில் பூங்கா இருக்கிறதா என்று கேட்டார். பூங்கா இல்லை, மாகறல் என்று ஓர் ஊர் இருக்கிறது, எங்கள் அக்கா வீட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டர், போய் வந்தால் முப்பத்திரண்டு என்றேன். புறப்படும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கே போய் எங்கே வரப் போகிறாய் என்று குழம்பினார். பதினெட்டு வருடமாகியும் வெறுமனே போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அயர்லாந்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓட எனக்குக் கூச்சமே கிடையாது. கூட்டத்தில் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன், கடையில் தவறான சில்லறை கொடுத்தாலும் கேட்கமாட்டேன். ஆனால் ஓடும்போது அப்படியில்லை. இங்கே என்னைத் தெரிந்தவர்கள் மொத்தம் முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தூங்குவார்கள். காஞ்சிபுரம் அப்படியல்ல. பட்டுக் கடையில் கட்டுத் தூக்கியவனை, அவன் அக்கா மாமாவை, போன வருடம் அவன் வீட்டுக்கு எத்தனை பெட்டியோடு வந்தான் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் நாற்பத்தொன்பது வயதில் முழங்கால் தெரிய ஓட வேண்டும்.

கால்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஊர்க்காரர்களின் கண்களுக்குத்தான் பயந்தேன்.

ஜெனியையும் சொல்ல வேண்டும். போன வருடம் வரை என் நீண்ட ஓட்டங்களுக்குச் சைக்கிளில் கூடவே வருவாள். தண்ணீர் பாட்டில் அவள் கூடையில் இருக்கும். இந்த வருடம் வேறு நகரத்தில் கல்லூரி. ஞாயிறு வருவாள், துணி துவைப்பாள், காதில் எதையோ மாட்டிக்கொள்வாள், போய்விடுவாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் தலையசைப்பு வரும். கோபம் என்று ஒன்றும் இல்லை. பேச எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது. கல்யாணத்துக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு, டிக்கெட் எடுத்துவிட்டாய் அல்லவா என்றாள்.

3

நிர்மலாவுக்கு லீவு கிடைக்காததால் நானும் ஜெனியும் மட்டும்தான் வந்திருந்தோம். கல்யாணம் வியாழக்கிழமை முடிந்தது. ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் ஓடினால் அக்கா பொறுக்கமாட்டாள் என்பதால் சனிக்கிழமை விடியற்காலை என்று முடிவு செய்தேன்.

லூர்து அக்காவின் வீடு சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் மிச்ச பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஜெனியிடம், "உங்கப்பன் அங்க இன்னா பண்றான், காலையில எழுந்ததும்?" என்று கேட்டாள்.

ஜெனி யோசித்து, தமிழை ஒன்றுசேர்த்து, "அப்பா டெய்லி காலையில ஓடிப்போறாரு" என்றாள்.

அக்கா கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தாள். "யாரு கூட?"

வீடே சிரித்து ஓய்ந்த பிறகு ஜெனிக்கு விளக்கம் சொன்னார்கள். அவள் முகம் சிவந்துபோய், "அப்பா அவ்ளோ இன்ட்ரஸ்டிங் இல்ல" என்றாள். மறுபடி சிரிப்பு. அந்த வாரத்தில் அவள் எல்லோர் முன்னிலும் தமிழில் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான்.

பிறகு பேச்சு என் கால்சட்டைக்கு வந்தது.

"இதப் போட்டுக்கினா ரோட்டுல போவப்போற?" என்றாள் அக்கா, கொடியில் தொங்கிய அரைக்கால் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து.

"ஓட்றதுக்கு அதான்கா."

"ஏன்டா, நேத்துதான் சம்பந்தி வூட்டுக்காரங்க உன்னக் கோட்டு சூட்டுல பாத்தாங்க. நாளிக்கு இதுல பாக்கணுமா? பேண்ட்டு போட்டுக்கினு ஓடு."

மாமாவுக்கு வேறு கவலை. "மாகறலுக்கு பஸ் இருக்குது. என் வண்டி இருக்குது. போதாக்குறைக்கு ஷேர் ஆட்டோ இருக்குது. இத்தன இருந்தும் காலால போறன்றியே, யாருகிட்டயாவது பந்தயம் கட்டிட்டியாடா?"

"நிர்மலா கிட்ட மாமா."

"அப்ப ஓடித்தான் ஆவணும்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

கடைசியில் அரைக்கால் சட்டைக்கு மேல் மாமா மகனின் கறுப்பு டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொள்வதென்று ஒப்பந்தம் ஆயிற்று. ஜெனி வாசலில் கிடந்த சைக்கிளின் மணியை ஒரு முறை அடித்துப் பார்த்தாள்.

"ஃபோர் தர்ட்டி ஆ?" என்றாள்.

நான் அவளை வரச் சொல்லிக் கேட்கவே இல்லை.

4

நாலரைக்குப் புறப்பட்டோம். பெருமாள் கோயில் மதில் ஓரமாக, பால் வண்டிகளுக்கு வழிவிட்டு, தறிச் சத்தம் இன்னும் தொடங்காத தெருக்கள் வழியாக. ஒரு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். யார் துரத்துகிறார்கள் என்று தேடியிருக்க வேண்டும். சைக்கிளில் ஜெனிதான் வந்துகொண்டிருந்தாள்.

ஓரிக்கை தாண்டுவதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தினார்கள்.

"அண்ணே, ஏறுங்க. பஸ் ஸ்டாண்டு தான?"

"இல்லப்பா, நான் சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலில் திருப்தியில்லாமல் முதலாமவன் கூடவே நூறு அடி தூரம் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். மூன்றாமவன், "ஆஸ்பத்திரியா, சொல்லு சார், சீக்கிரம் போயிடலாம்" என்று பதறினான். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒருவன் ஓடினால் அவனுக்கு ஏதோ அவசரம், அவனுக்கு உதவ வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் நான் சாலையில் விழுந்தால்தான் யாராவது நிறுத்துவார்கள்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் கொஞ்சம் காற்று வந்தது. பாலத்தைத் தாண்டியதும் டீக்கடை. பெஞ்சில் நாலு பேர்.

"தொப்பைய கொறைக்கணும்னா சோத்த கொறைக்கணும் தலைவா!"

"விடுரா, பின்னாடி பொண்ணு வருது. பொண்ணுக்குச் சைக்கிள் கத்துக் குடுக்கறாருபோல."

எனக்குக் காது சூடானது. குனிந்துகொண்டே ஓடினேன். குனிந்து ஓடினால் மூச்சு கெடும் என்று தபால்காரர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். டிராக் பேண்ட் வேர்வையில் நனைந்து துணி துவைக்கும் கல்லைக் காலில் கட்டியது போல இருந்தது. முந்தின நாள் பிரியாணி தன் இருப்பைத் தெரிவித்தது. பத்தாவது கிலோமீட்டரில் வலது ஆடுசதை இழுக்க ஆரம்பித்தது.

பதினொன்றில் நின்றுவிட்டேன். சாலையோரம் ஒரு வீடு, வீட்டெதிரில் பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். ஆறு மணிகூட ஆகவில்லை, அதற்குள் புழுக்கத்தில் முதுகு எரிந்தது.

"திரும்பிடலாம்" என்றேன் ஜெனியிடம். "இங்கேர்ந்து திரும்பினா இருபத்திரண்டு. போதும்."

அவள் சைக்கிளை விட்டு இறங்கிக் கூடையில் கையை விட்டாள். ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள். போன வருடம் நடைபாதையில் நின்ற அதே மாதிரி, பழத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பழத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை.

5

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா சொம்பில் தண்ணீரோடு சாலையைக் கடந்து வந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகுதான் தெரிந்தது.

"குடிப்பா முதல்ல. எந்தக் கோயிலுக்கு?"

"மாகறல் வரைக்கும்மா" என்றேன். ஊர்ப் பெயரைத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டுதலா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இது மராத்தான், அயர்லாந்து, என் மனைவி போட்ட நிபந்தனை என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டும். காலையிலிருந்து மூன்று பேருக்குச் சொல்லி ஒருவருக்கும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

நம் பக்கத்தில் ஒருவன் தூரத்து ஊருக்குக் காலால் போகிறான் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மாகறல் சிவன் கோயிலில் எலும்பு முறிந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சர்ச்சுக்குப் போகிற எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அம்மா என் காலைப் பார்த்தார். "ஷூ போட்டுக்கினா வேண்டுதல்?"

"டாக்டர் சொன்னாரும்மா" என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது. ஜெனி வாழைப்பழத்தை வாயில் திணித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் சொன்னாக் கேக்கணும். எங்க வூட்டுல ஒருத்தர் கீறாரு, அவரு கேக்கமாட்டாரு" என்றார். நாய் குறுக்கே வந்து வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததாம். கம்பி வைத்து, தையல் பிரித்து, எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்து நில் என்கிறார் டாக்டர். இவர் பயந்துகொண்டு கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார். "நின்னா மறுபடி ஒடைஞ்சிடுமாம். நானும் ரெண்டு மாசமா மாகறல் போவணும்னு பாக்கறேன். இவர வுட்டுட்டு எங்க போறது? பஸ்ஸுல போற வேண்டுதல் இல்ல, நடந்து போறதா வேண்டிக்கினேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய்.

"வெளக்குல ஊத்திட்டு வந்துடுப்பா. நீ நல்லாருப்ப."

ஜெனி கூடையை முன்னால் நகர்த்தினாள். அம்மா தடுத்தார். "வண்டியில வெக்காத கண்ணு. காலால போறவன் கையாலதான் போவணும்."

பாட்டிலை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெனி என்னைப் பார்த்தாள். "அப்பா, திரும்பறோமா?" ஆங்கிலத்தில் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கும்படி தமிழில், வேண்டுமென்றே, கண்ணில் சிரிப்போடு கேட்டாள்.

"திரும்பறதா? எங்க?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பொண்ணு சும்மா கேக்குது" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

6

எண்ணெய் பாட்டிலோடு ஓடுவது எப்படி என்று எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லை. மூடி சரியில்லை. கையை வீசினால் கசிந்தது. அதனால் வலது கையை வயிற்றோடு சேர்த்து, தோளைத் தளர்த்தி, நிமிர்ந்து, சின்ன அடிகளாக ஓடினேன். ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் கவனித்தேன். தபால்காரர் இரண்டு வருடமாக என்னிடம் கெஞ்சிக் கேட்ட ஓட்டம் இதுதான். ஆடுசதை இழுப்பு நின்றிருந்தது. இன்னொன்றும் நடந்தது. வண்டிக்காரர்கள் நிறுத்தி, எங்கே என்று கேட்டபோது, "மாகறல், எண்ணெய் ஊத்த" என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாற்பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் சாலையில் நிறுத்திக் கும்பிட்டதில்லை. கூச்சம் எங்கேயோ போய்விட்டது.

மாகறலில் கோயிலுக்குள் நுழையும்போது அக்காவின் பிடிவாதத்துக்கு நன்றி சொன்னேன். முழங்கால் தெரிய உள்ளே போயிருக்க முடியாது. ஷூவைக் கழற்றி ஜெனியிடம் கொடுத்துவிட்டு, வெறும் காலோடு குளிர்ந்த கல்லில் நடந்தேன். விளக்கில் எண்ணெயை ஊற்றினேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அந்த மனிதர் பயமில்லாமல் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிவிட்டு, பழக்கத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டேன்.

பூசை செய்கிறவர் அதைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

"கால் ஒடைஞ்சவருக்கு சாமி."

"பேரு, நட்சத்திரம்?"

கேட்டுக்கொண்டு வரவே இல்லை. "ஒரு அம்மா குடுத்தாங்க. அவங்க பேரும் எனக்குத் தெரியாது சாமி. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல வூடு."

"எந்த பஸ் ஸ்டாப்பு?"

"இங்கேர்ந்து அஞ்சு கிலோமீட்டர்."

அவர் சிரித்துக்கொண்டே விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "போதும். அவருக்கு வெலாசம் தெரியும்."



7

திரும்பி வந்தபோது அம்மா நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார். விபூதியைக் கொடுத்தேன். உண்மையையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அம்மா, நான் சர்ச்சுக்குப் போறவன்."

"அதுக்கின்னா? எண்ணெய் ஊத்துனியா இல்லியா?"

"ஊத்தினேன்."

"அப்புறம் இன்னா." விபூதியை எடுத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். கட்டிலில் ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் ஓட்றவனா? உனக்கு வேற வேல இல்லியா?"

"இருக்குதுங்க. லீவு போட்டுட்டு வந்தேன்."

"ஒடம்புல ஒரு எலும்பு ஒடைஞ்சா தெரியும்" என்றார். ஆனால் அம்மா நெற்றியில் விபூதி இட்டபோது கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா வாசல் வரை வந்தார். "உன் வேண்டுதல் இன்னாப்பா? சொல்லவேல்லியே."

இந்த முறை மறைக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பந்தயம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், போன வருடம் முப்பத்திரண்டில் உட்கார்ந்துவிட்டேன் என்றேன்.

"இன்னிக்கு எவ்ளோ ஓட்ற?"

"முப்பத்திரண்டுமா."

"அப்ப மீதிக்கு?"

"மீதிப் பத்துதான் தெரியல."

அவர் சாலையை மாகறல் பக்கமாகப் பார்த்தார், உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் போட்டார். "இங்கேர்ந்து கோயிலுக்கு அஞ்சு. போவ அஞ்சு, வர அஞ்சு. நீ என் எண்ணெய எடுத்துக்கினு போன இல்ல? இவரு எழுந்து நிக்கட்டும். அந்தப் பத்த உனக்காவ நான் நடந்துடறேன். நீ போ."

ஜெனி கைப்பேசியை எடுத்து அவர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடைசிப் பதினொரு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில் ஏறியது, ஓடினேன். வலித்தது, ஓடினேன். டீக்கடையில் அதே பெஞ்சில் வேறு நாலு பேர். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே டிராக் பேண்ட்டைக் கழற்றி சைக்கிள் கூடையில் போட்டுவிட்டேன். அரைக்கால் சட்டையோடு, முழங்கால் தெரிய, என் ஊருக்குள் நுழைந்தேன். அக்கா வீட்டு வாசலை அடைந்தபோது கையில் கட்டியிருந்த, தூரம் காட்டும் கடிகாரம் முப்பத்தொன்று புள்ளி ஆறு என்றது. நிற்காமல் வாசலைத் தாண்டித் தெருக்கோடி வரை ஓடித் திரும்பினேன்.

"வூடு மறந்துடுச்சாடா?" என்று கத்தினாள் அக்கா.

முப்பத்திரண்டு ஆனதும் படியில் உட்கார்ந்தேன். ஜெனி உடனே நிர்மலாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுக் கடிகாரத்தைக் காட்டினாள். அயர்லாந்தில் அப்போது விடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் அதை உற்றுப் பார்த்துவிட்டு நிர்மலா, "சரி, ஓடு. நான் வர்றேன்" என்றாள்.

8

இன்று மாலை வேலை முடிந்து வந்தபோது ஜெனி அனுப்பிய செய்தி இருந்தது. கன்னியம்மா அவளுக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். இத்தனை நாளாக இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பதிவில் பின்னால் பேருந்துச் சத்தம் கேட்கிறது.

"கண்ணு, உங்கப்பா கிட்ட சொல்லு. எங்க வூட்டுக்காரரு சொவுத்தப் புடிச்சிக்கினு நின்னுட்டாரு. இன்னியோட நாலு நாளாச்சு. திட்டிக்கினேதான் நிக்கறாரு, இருந்தாலும் நிக்கறாரு. பொண்ணு வந்திருந்தா, அவள உக்கார வெச்சிட்டு நான் மாகறல் போய்ட்டு வந்துட்டேன். நடந்துதான். அப்பாவோட மீதிப் பத்து முடிஞ்சுதுன்னு சொல்லிடு."

மூன்று தடவை கேட்டேன். நிர்மலா ஒரு தடவை கேட்டுவிட்டு, அந்த மனிதருக்கு இனி என்னென்ன பயிற்சி தர வேண்டும் என்று எழுதி அனுப்ப உட்கார்ந்துவிட்டாள்.

ஜெனியைக் கூப்பிட்டேன். "முப்பத்திரண்டும் பத்தும் நாப்பத்திரண்டு. முடிஞ்சுடுச்சு பாத்தியா" என்றேன்.

"இல்ல அப்பா" என்றாள். "இன்னும் 195 மீட்டர் இருக்கு."

"ஆமா, அது இருக்குது."

"அது நான். ஃபினிஷ் கிட்ட வேலி இருக்கும் இல்ல? நான் வேலிக்கு வெளியில ஓடறேன், நீ உள்ள ஓடு. சனிக்கிழமை நைட் பஸ்ல வர்றேன்." பிறகு, "இந்தத் தடவை வாழைப்பழம் கொண்டு வரமாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை தூரத்தையும் என் கால்கள்தான் ஓட வேண்டும். அது எனக்குத் தெரியும். முப்பத்திரண்டாவது பலகையும் அதே இடத்தில்தான் இருக்கும். அங்கே வரும்போது வலது கையை வயிற்றோடு சேர்த்து, விரல்களை மூடிக்கொள்வேன். எண்ணெய் சிந்தாமல் ஓட எனக்குத் தெரியும்.